ரொட்டியும் வெட்டிப் பொழுதும்: 'லோஃப்' ஒரு சொல்லா, இரண்டு சொல்லா?

வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுபவரை நம்மூரில் 'தண்டச்சோறு' என்பார்கள். சோறும் சோம்பலும் ஒரே சொல்லுக்குள் இருப்பது நமக்குப் பழகிப்போன விஷயம். அதனாலேயே ஆங்கிலத்தின் 'லோஃப்' என்ற சொல்லைப் பார்த்ததும் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். அதற்கு ரொட்டி என்றும் பொருள் உண்டு. ஒன்றும் செய்யாமல் பொழுதைக் கழிப்பது என்றும் பொருள் உண்டு. சரி, அங்கேயும் இதே கதைதான், ரொட்டியைத் தின்றுவிட்டுச் சும்மா இருப்பவனைத்தான் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று தோன்றிவிடுகிறது.

பத்தாம் வகுப்புப் படிக்கும் என் அண்ணன் மகள் போன மாதம் இதையேதான் சொன்னாள். "சித்தப்பா, லோஃபர்னா தண்டச்சோறுதானே? லோஃப்னா ரொட்டி. அதைத் தின்னுட்டுச் சும்மா சுத்துறவன் லோஃபர்." அவளுடைய தோழி இன்னொரு விளக்கம் வைத்திருந்தாளாம்: பிசைந்து வைத்த மாவு ஒரு வேலையும் செய்யாமல் கிடந்தபடியே உப்பிப் பெரிதாகும், அதைப் போலக் கிடப்பவன்தான் லோஃபர் என்று.

இரண்டுமே அழகான விளக்கங்கள். இரண்டும் தவறு. ரொட்டியைக் குறிக்கும் லோஃபுக்கும் சோம்பிக் கிடப்பதைக் குறிக்கும் லோஃபுக்கும் எந்த இரத்த உறவும் இல்லை. அவை இரண்டு தனித்தனிச் சொற்கள். ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நின்றுவிட்டன. இதை எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியும் என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் ஆறு

ஒரே ஒலிக்கு இரண்டு பொருள் இருந்தால், அது இரண்டு வழிகளில் நடந்திருக்கலாம். இரண்டுக்கும் தமிழிலேயே எடுத்துக்காட்டு இருக்கிறது.

'கண்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். முகத்தில் இருப்பது கண். தேங்காயின் குடுமிக்குக் கீழே இருக்கும் மூன்று பள்ளங்களும் கண்தான். பாலத்தின் வளைவுகளையும் 'பத்துக் கண் பாலம்' என்று கண் வைத்தே எண்ணுகிறோம். இவை வேறு வேறு சொற்கள் அல்ல. முகத்தில் இருக்கும் கண்ணைப் போன்ற வடிவம் தெரிந்த இடத்துக்கெல்லாம் அந்தப் பெயர் பரவியிருக்கிறது. இப்படி ஒரே சொல் தன் பொருளை விரித்துக்கொண்டே போவதற்குப் பல்பொருண்மை என்று பெயர்.

இப்போது 'ஆறு'. தண்ணீர் ஓடும் ஆறு ஒன்று, ஐந்துக்கு அடுத்து வரும் ஆறு இன்னொன்று. ஆற்றுக்கும் எண்ணுக்கும் என்ன தொடர்பு என்று யோசித்தால் எதுவும் தோன்றாது. தோன்றாதது சரிதான், ஏனென்றால் தொடர்பே இல்லை. பழைய நூல்களில் ஓடுகின்ற ஆறு 'யாறு' என்றே வரும். காட்டாற்றைக் 'கான்யாறு' என்றார்கள். எண்ணைக் குறிக்கும் ஆறுக்கு அந்த யகரம் கிடையாது. காலப்போக்கில் யாறு தன் முதல் ஒலியை இழந்தது. இரண்டும் ஒன்றுபோல ஆகிவிட்டன. பக்கத்து மொழியைக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். தெலுங்கில் ஆற்றுக்கு 'ஏரு', எண்ணுக்கு 'ஆரு'. தமிழில் கலந்துபோன இரண்டையும் தெலுங்கு இன்றைக்கும் பிரித்தே வைத்திருக்கிறது. (ஆற்றுப்படை என்பதில் வரும் ஆறு இந்த இரண்டும் அல்ல, அதற்கு வழி என்று பொருள். நிறையப் பேர் அதை நதியோடு குழப்பிக்கொள்கிறார்கள்.)

இப்படி வெவ்வேறு சொற்கள் ஒரே உருவத்தில் வந்து நிற்பதை ஒத்துருச் சொற்கள் என்று அழைக்கலாம்.

ஆக, கண் என்பது பல பொருளுக்கு விரிந்த ஒரே சொல். ஆறு என்பது ஒன்றுபோல் தெரியும் பல சொற்கள். ஒலியை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. பழைய வடிவத்தைப் பார்க்க வேண்டும், உறவு மொழிகளைக் கேட்க வேண்டும். லோஃபுக்கும் அதையேதான் செய்யப்போகிறோம்.

ரொட்டியான லோஃப்

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ரொட்டிக்குப் பெயர் 'ஹ்லாஃப்'. இன்று ரொட்டியைப் பொதுவாகக் குறிக்கும் 'பிரெட்' என்ற சொல் அப்போது அந்த வேலையைச் செய்யவில்லை. அதற்கு முதலில் துண்டு, கவளம் என்பது போன்ற பொருள்தான் இருந்திருக்கும் என்று கருதுகிறார்கள். அன்றாட அப்பத்தை வேண்டும் கிறிஸ்தவச் செபத்தின் பழைய ஆங்கில வடிவத்தில் இருப்பதும் ஹ்லாஃப்தான். பின்னர் 1200 வாக்கில் பிரெட் பொதுப்பெயராக மேலேறியது. லோஃப் சுருங்கி, ஒரு முழு ரொட்டியை, அதாவது அறுக்காமல் சுட்டு எடுத்த ஒரு கட்டியை மட்டும் குறிக்கத் தொடங்கியது. நம் 'நெய்' போனதும் இதே பாதைதான். ஒரு காலத்தில் நெய் என்றால் எந்த எண்ணெயும் அதில் அடங்கும். எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று எண்ணெய் பொதுப்பெயராகிவிட்டது, நெய் பாலிலிருந்து வருவது மட்டும் என்று சுருங்கிவிட்டது.

இந்த ஹ்லாஃப் எவ்வளவு பெரிய சொல்லாக இருந்தது என்பதற்கு நான் மிகவும் விரும்பும் சான்று ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் பிரபுவைக் குறிக்கும் 'லார்ட்' என்ற சொல் அதிலிருந்து பிறந்ததுதான். பழைய வடிவம் 'ஹ்லாஃப்வேர்ட்'. வேர்ட் என்றால் காவலர். ஆஸ்பத்திரி வார்டு, விடுதி வார்டன் என்று நாம் சொல்வதெல்லாம் அதற்கு உறவு. ரொட்டியைக் காப்பவர், அதைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர்தான் வீட்டுக்குத் தலைவர். அந்த நீண்ட சொல் வாய்வழியே தேய்ந்து தேய்ந்து, முதலில் 'ஹ்லாஃபோர்ட்' ஆகி, கடைசியில் லார்ட் என்று ஒரே அசையில் வந்து நின்றது. 'லேடி'யும் அப்படித்தான். அதன் பழைய வடிவம் 'ஹ்லாஃப்டீயெ' என்பதற்கு நெருக்கமாக ஒலித்திருக்கும். ரொட்டிக்கு மாவு பிசைபவள் என்று பொருள். அதன் பின்பாதி, பிசைந்த மாவைக் குறிக்கும் 'டோ' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உறவு. சீமாட்டி என்று நாம் மொழிபெயர்க்கும் சொல்லின் அடியில் மாவு ஒட்டிய கைகள் இருக்கின்றன.

இது நமக்கு அந்நியமான எண்ணமே அல்ல. வயிற்றுக்குக் கொடுப்பவரை 'படியளக்கிறவர்' என்கிறோம். தெய்வத்தையே அப்படிச் சொல்கிறோம். அவர்கள் ரொட்டி என்ற இடத்தில் நாம் நெல் அளக்கும் படியை வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் ரொட்டியைக் காப்பவர் ஒருவர், பிசைபவர் ஒருவர் என்றால், தின்பவருக்கும் ஒரு பெயர் இருக்க வேண்டுமே? இருந்தது. ஒருவரை அண்டி வாழ்ந்து அவருக்கு வேலை செய்தவரை 'ஹ்லாஃப் தின்பவர்' என்றார்கள். கி.பி. 600 வாக்கில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியை ஆண்ட எதெல்பெர்ட் அரசரின் சட்டத்தில் இந்தச் சொல் வருகிறது: ஒரு குடியானவரின் ரொட்டி தின்பவரை எவராவது கொன்றால் 6 ஷில்லிங் ஈடு கட்ட வேண்டும். இங்கேதான் என் அண்ணன் மகள் துள்ளிக் குதித்தாள். "பாத்தீங்களா, ரொட்டி தின்கிறவன்! அவன்தானே லோஃபர்?" இல்லை. அந்த ரொட்டி தின்பவர் சோம்பேறி அல்ல. உழைத்துச் சாப்பிட்ட வேலையாள் அவர். அதோடு அந்தக் கூட்டுச்சொல் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழித்துத்தான் லோஃபர் என்ற சொல்லே தலைகாட்டுகிறது. நடுவில் பாலம் இல்லை.

ஹ்லாஃபின் முதலில் இருந்த ஹகர ஒலி ஆங்கிலத்தில் மறைந்துவிட்டது. 'ரிங்', 'நட்' போன்ற சொற்களும் ஒரு காலத்தில் ஹகரத்தோடு தொடங்கியவைதான். எல்லாமே அதை உதிர்த்துவிட்டன. ஆனால் ரஷ்ய மொழியில் ரொட்டிக்குப் பெயர் இன்றும் 'ஹ்லெப்'. ஆங்கிலமும் ஜெர்மனும் அடங்கிய ஜெர்மானிய மொழிக் குடும்பத்தவரிடமிருந்து, ரஷ்யர்களின் முன்னோர் அடங்கிய ஸ்லாவிய மக்கள் மிகப் பழங்காலத்தில் இதைக் கடனாகப் பெற்றார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. பிறந்த வீட்டில் காணாமல் போன ஒலி, புகுந்த வீட்டில் பத்திரமாக இருக்கிறது.

இந்த லோஃப் தன் பொருளையும் விரித்துக்கொண்டது, நம் கண்ணைப் போல. ரொட்டிக் கட்டியைப் போல அமைந்த எதற்கும் பெயர் ஒட்டியது. அச்சில் வைத்துச் சுட்ட கொத்துக்கறி 'மீட் லோஃப்'. முன்பெல்லாம் ஐரோப்பாவில் சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியாக வரும், வேண்டியபோது இடுக்கியால் உடைத்துக்கொள்வார்கள்; அதற்கு 'சுகர் லோஃப்' என்று பெயர். ரியோ டி ஜெனீரோவில் கடலோரமாக 396 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் பாறை மலைக்கு அந்தக் கூம்பின் பெயர்தான். போர்த்துகீசியத்திலும் அதைச் 'சர்க்கரை ரொட்டி' என்றே சொல்கிறார்கள்.

இன்னொரு கிளையும் உண்டு. 'உன் லோஃபைப் பயன்படுத்து' என்று ஒரு ஆங்கிலேயர் சொன்னால், மூளையைப் பயன்படுத்து என்று அர்த்தம். கிழக்கு லண்டன் மக்களிடம் எதுகை வைத்துப் பேசும் வழக்கம் ஒன்று இருந்தது. தலைக்கு 'ஹெட்', அதோடு எதுகையாக முடிவது 'லோஃப் ஆஃப் பிரெட்'. எனவே தலைக்குப் பதில் அந்தத் தொடர். அப்புறம் எதுகைச் சொல்லான பிரெட்டையும் விட்டுவிட்டு வெறும் லோஃப் என்றார்கள். வடிவத்தால் வந்த பெயர் என்று இதை நினைத்துவிடக் கூடாது. மண்டை வெல்லம் என்று நாம் சொல்வது வடிவத்தால், அவர்களுடையது ஓசையால்.

இதுவரை பார்த்தது எல்லாம் ஒரே குடும்பம்: ரொட்டி, பிரபு, சீமாட்டி, சர்க்கரைக் கூம்பு, மலை, தலை. சோம்பேறி இன்னும் வரவில்லை.

ஒலி தன் இஷ்டத்துக்கு மாறாது

அவன் வருவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டுரையின் இதயமே இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

பெங்களூரு பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: நம் பால் அங்கே ஹாலு. பல் ஹல்லு. பூ ஹூ. பத்து ஹத்து. புலி ஹுலி. ஒன்றிரண்டு சொற்களில் தற்செயலாக நடந்தது இல்லை இது. பழைய கன்னடத்தில் பகரத்தில் தொடங்கிய சொற்கள் வரிசையாக ஹகரத்துக்கு மாறின. மொழியில் ஒலி மாறும்போது இப்படிக் கூட்டமாகத்தான் மாறும். இதை ஒலி ஒழுங்கு என்கிறேன்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இன்று கன்னடம் பேசுபவர் பேப்பரை 'ஹேப்பர்' என்று சொல்வதில்லை, பேப்பர் என்றுதான் சொல்கிறார். ஏன்? அந்த மாற்றம் நடந்து முடிந்து பல நூற்றாண்டு கழித்து வந்த சொல் அது. மாற்றம் நடந்த காலத்தில் அது ஊரிலேயே இல்லை. எனவே ஒரு சொல் ஒலி ஒழுங்குக்கு உட்பட்டிருக்கிறதா, தப்பியிருக்கிறதா என்று பார்த்தால், அது அந்த மொழிக்குப் பரம்பரையாக வந்ததா, பிற்காலத்தில் வெளியிலிருந்து வந்த கடன் சொல்லா என்று சொல்லிவிடலாம்.

ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் உள்ள உறவு, தமிழுக்கும் கன்னடத்துக்கும் உள்ளதைப் போன்ற அக்கா தங்கை உறவு. அங்கேயும் இப்படி வரிசைகள் இருக்கின்றன. கல்லுக்கு ஜெர்மனில் 'ஷ்டைன்', ஆங்கிலத்தில் 'ஸ்டோன்'. வீட்டுக்கு 'ஹைம்', 'ஹோம்'. ஆவிக்கு 'கைஸ்ட்', 'கோஸ்ட்'. சவர்க்காரத்துக்கு 'ஸைஃபெ', 'சோப்'. ஜெர்மனில் ஐகாரம் வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ஓகாரம். இப்போது ஜெர்மனில் ஒரு முழு ரொட்டிக்கு என்ன பெயர் தெரியுமா? 'லைப்'. ஐகாரத்தை ஓகாரமாக்கிப் பாருங்கள். 'லோஃப்' அந்த வரிசையில் அச்சாகப் போய் உட்காரும். கடைசி எழுத்தும் ஒத்துப்போகிறது: பாதிக்கு ஜெர்மனில் 'ஹால்ப்', ஆங்கிலத்தில் 'ஹாஃப்', கன்றுக்கு 'கால்ப்', 'காஃப்'.

ரொட்டி லோஃப் பரம்பரைச் சொத்து. அதில் சந்தேகம் இல்லை.

சுற்றித் திரிந்த லோஃபர்

சோம்பலைக் குறிக்கும் லோஃப் இங்கிலாந்தின் பழைய எழுத்துகள் எதிலும் கிடைப்பதில்லை. அது பிறந்த இடம் அமெரிக்கா, காலம் 1830-கள். முதலில் வருவது லோஃபர் என்ற பெயர்ச்சொல். அகராதிகள் அதற்கு 1830-ஐக் காட்டுகின்றன. லோஃப் என்ற வினை அதற்குப் பின்னால், 1835 வாக்கில் வருகிறது. பாஸ்டனிலிருந்து கப்பலேறிக் கலிஃபோர்னியா வரை போய்வந்த ரிச்சர்ட் ஹென்றி டேனா, 1840-இல் வெளியிட்ட தன் கடற்பயண நூலில் லோஃபர் என்பது அமெரிக்கர்கள் புதிதாக உண்டாக்கிக்கொண்ட சொல் என்றே குறிப்பிடுகிறார். அந்தக் காலத்து ஆளுக்கே அது புதுச்சொல்லாகத் தெரிந்திருக்கிறது. லோஃப் என்ற ரொட்டிக்கோ அப்போதே ஆயிரம் வயது தாண்டிவிட்டது.

பெயர் முதலில், வினை பின்னால் என்ற வரிசை விசித்திரமாக இருக்கிறதல்லவா? வழக்கமாக ஓடு என்ற வினையிலிருந்துதான் ஓடுபவர் வருவார். ஆங்கிலத்தில் சில சமயம் இது தலைகீழாக நடக்கும். 'எடிட்டர்' என்ற சொல் முதலில் வந்தது; அதன் கடைசியில் இருப்பது வினை செய்பவரைக் காட்டும் விகுதி என்று எடுத்துக்கொண்டு, அதை வெட்டிவிட்டு 'எடிட்' என்ற வினையைப் பிறகு உண்டாக்கினார்கள். இப்படி வாலை வெட்டி வினையைப் பிறப்பிப்பதைப் பின்னாக்கம் எனலாம். லோஃபரின் வாலை வெட்டியதால் கிடைத்ததுதான் சோம்பல் லோஃப். என்னைப் பொறுத்தவரை, ரொட்டிக் கதை நிற்காது என்பதற்கு இதுவே போதும். ரொட்டியிலிருந்து சோம்பல் வந்திருந்தால் லோஃப் முதலில் இருந்து, லோஃபர் அதிலிருந்து பிறந்திருக்க வேண்டும். கிடைக்கும் எழுத்துச் சான்றுகளின் வரிசை அதற்கு நேர் எதிராக இருக்கிறது.

சரி, லோஃபர் எங்கிருந்து வந்தது? அகராதிகள் 'இருக்கலாம்' என்ற சொல்லோடு தருவது ஜெர்மனின் 'லாண்ட்லாய்ஃபர்' என்பதை. லாண்ட் என்றால் நிலம், நாடு. லாய்ஃபர் என்றால் ஓடுபவர். ஊர் ஊராக அலைபவர், நாடோடி என்று பொருள். டச்சு மொழியிலும் இதற்கு உறவான 'லாண்ட்லோப்பர்' உண்டு. அது ஆங்கிலத்துக்குள்ளும் முன்பே வந்து நாடோடியைக் குறித்திருக்கிறது. அன்றைய அமெரிக்காவில் பென்சில்வேனியா போன்ற பகுதிகளில் ஜெர்மன் பேசியவர்கள் ஏராளம், அவர்களுடைய வட்டார வழக்குகளிலும் இந்தச் சொல் வெவ்வேறு ஒலியோடு வழங்கியது. முன்பாதி உதிர்ந்து, பின்பாதி மட்டும் ஆங்கிலக்காரர்களின் வாயில் லோஃபர் ஆகியிருக்கலாம். 'ஆகியது' என்று எழுதாமல் 'ஆகியிருக்கலாம்' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு: ரொட்டியின் வரலாற்றைப் போல இதற்குப் படிப்படியான எழுத்துச் சான்று இல்லை.

இந்த வழி சரியென்றால், இந்த லோஃபுக்கு அடியில் இருக்கும் வினை 'லௌஃபன்', அதாவது ஓடு. அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு சொந்தத் தங்கை உண்டா என்று ஒலி ஒழுங்கை வைத்துத் தேடலாம். கனவுக்கு ஜெர்மனில் 'டிரௌம்', ஆங்கிலத்தில் 'ட்ரீம்'. மரத்துக்கு 'பௌம்', ஆங்கிலத்தில் 'பீம்', முன்பு அதற்கும் மரம் என்றுதான் பொருள், இன்று உத்தரம். குவியலுக்கு 'ஹௌஃபன்', 'ஹீப்'. அப்படியென்றால் லௌஃபனுக்கு? 'லீப்'. ஆம், துள்ளிக் குதிப்பதைக் குறிக்கும் அதே லீப். பரம்பரையாக வந்த வடிவம் அதுதான். லோஃபர் அந்த வரிசையில் உட்காராது. கன்னடத்தின் பேப்பரைப் போல, எல்லா மாற்றங்களும் முடிந்த பிறகு வந்து இறங்கிய சொல்லுக்கு உரிய அடையாளம் அது.

இரண்டு லோஃபுகளையும் ஜெர்மனுக்குக் கொண்டுபோனால் ஒன்று லைப், மற்றது லௌஃபன். ஆங்கிலத்தில் கலந்து நிற்பவை அங்கே தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. தெலுங்கின் ஏருவும் ஆருவும் போல.

ஓடுகிற சொல் எப்படி உட்கார்ந்தது?

ஓடு என்பதிலிருந்து சோம்பல் எப்படி வரும் என்று கேட்கலாம். ஒரு வேலையில், ஒரு ஊரில் நிலைக்காமல் அலைபவரை ஊர் எப்படிப் பார்க்கும்? வேலை செய்யாதவர் என்றுதான். அலைதல் முதலில், அதிலிருந்து வேலை செய்யாமை, அதிலிருந்து சும்மா இருத்தல். தமிழில் 'ஊர் சுற்றி' என்ற சொல்லைப் பாருங்கள். சுற்றுவதற்கு உடம்பு அசைய வேண்டும், ஆனாலும் அது சோம்பேறியைத் திட்டும் சொல்லாகத்தானே இருக்கிறது?

லோஃபர் இந்தியாவுக்கு வந்து இன்னும் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. ஆங்கிலத்தில் அது வெட்டியாகப் பொழுது போக்குபவரைக் குறிக்கும் லேசான சொல். தமிழில் 'லோஃபர்' என்றால் பொறுக்கி என்ற அளவுக்குக் கனமான வசை. அமெரிக்கக் காலணிக் கடையில் அது மரியாதையான சொல்: நாடா கட்டாமல் காலை நுழைத்துப் போடும் செருப்பு வகை. நார்வே நாட்டார் அணிந்த காலணியை ஒட்டி ஜி.எச். பாஸ் நிறுவனம் 1936-இல் கொண்டுவந்த 'வீஜன்ஸ்' இந்த வகையில் பெயர் பெற்றது. ஓய்வாக, சாவகாசமாக அணிவது என்பதால் அந்தப் பெயர்.

உளவியலிலும் இந்தச் சொல் நுழைந்திருக்கிறது. பிரெஞ்சு வேளாண் பொறியாளர் மாக்ஸ் ரிங்கெல்மன், ஆட்களைத் தனியாகவும் கூட்டாகவும் கயிறு இழுக்கவைத்து அளந்தார். ஆள் கூடக்கூட, ஒவ்வொருவர் பங்குக்கும் இழுக்கும் வலு குறைந்தது. 1979-இல் லட்டானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்ற மூவர் கைதட்டலையும் கத்தலையும் வைத்து இதையே சோதித்து, கூட்டத்தில் உழைப்பு தளர்வதற்கு 'சோஷியல் லோஃபிங்' என்று பெயரிட்டார்கள். ஊர் கூடி இழுக்கும் தேர்வடத்தைப் பிடித்தவர்களுக்கு இது உடனே புரியும். இது இரண்டாவது லோஃபின் வழிவந்த பெயர். ரொட்டிக்கு இதில் பங்கு இல்லை.

பூனை எந்த லோஃப்?

என் அண்ணன் மகள் கேட்டதிலேயே கடினமான கேள்வி இதுதான். கால்கள் நான்கையும் உடம்புக்கு அடியில் மடக்கி, வாலையும் சுருட்டிக்கொண்டு பூனை உட்காருமே, அந்த நிலைக்கு ஆங்கிலத்தில் 'கேட் லோஃப்' என்று பெயர். பூனை அப்போது ஒன்றும் செய்வதில்லை. அப்படியானால் அது சோம்பல் லோஃப்தானே?

இல்லை, ரொட்டி லோஃப். கால் தெரியாமல், மேலே வளைந்து, ஓரம் நேராக நிற்கும் அந்த உருவம் அச்சில் சுட்டெடுத்த ரொட்டிக் கட்டியைப் போல இருப்பதால் வந்த பெயர். ஆனால் பூனை 'லோஃபிங்' செய்கிறது என்று ஒருவர் சொல்லும்போது, அவர் மனத்தில் இரண்டு பொருளும் ஒன்றாக ஒலிப்பதைத் தடுக்க முடியாது. வேரில் உறவில்லாத சொற்கள் பேசுபவரின் மனத்தில் உறவாகிவிடுவது உண்டு. அது மொழியில் உண்மையாகவே நடப்பது, அதில் தவறில்லை. அந்தப் புது உறவை எடுத்துப்போய்ப் பழைய வரலாறாக எழுதுவதுதான் தவறு.

பேச்சில் இவற்றால் குழப்பம் வருவதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று பெயர், மற்றது வினை. சுற்றியுள்ள சொற்கள் பொருளைக் காட்டிவிடும். தொல்காப்பியம் கிளவியாக்கத்தில், வினையால் பொருள் வேறுபடும் பலபொருள் ஒருசொல்லைப் பேசுவது இதைத்தான். 'மா பூத்தது' என்றால் மரம், 'மா ஓடிற்று' என்றால் விலங்கு.

பொருத்தமான கதை ஏன் போதாது

ஒலி ஒன்றாக இருப்பதைப் பார்த்து மக்களே ஒரு பிறப்புக் கதையைக் கட்டிக்கொள்வதற்கு மக்கள் சொற்பிறப்பு என்று பெயர். தண்டச்சோறு இருக்கும் நாட்டில் ரொட்டிச் சோம்பேறி கதை நம்பும்படி இருப்பதில் வியப்பில்லை. ஆனால் ஒரு கதை நம் வாழ்க்கைக்குப் பொருந்துகிறது என்பதற்கும், அது நடந்தது என்பதற்கும் தொடர்பு கிடையாது.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் அருகருகே வைத்து, 'எட்டுதான் எய்ட் ஆனது' என்று சொல்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மொழிமேல் உள்ள அன்பில்தான் சொல்கிறார்கள். நானும் அதே அன்போடுதான் மறுக்கிறேன். நம் எட்டின் அடி 'எண்': எண்பது, எண்ணூறு என்று அது வெளியே தெரியும். கன்னடத்தில் எண்ட்டு, தெலுங்கில் எனிமிதி. ஆங்கில எய்டின் உறவுகளோ ஜெர்மனின் 'ஆஹ்ட்', லத்தீனின் 'ஆக்டோ', சமஸ்கிருதத்தின் 'அஷ்ட'. பழைய ரோமானிய நாட்காட்டியில் எட்டாவது மாதமாக இருந்ததால்தான் அக்டோபருக்கு அந்தப் பெயர். உண்மையான உறவாக இருந்தால் பின்னால் போகப் போக இரண்டும் நெருங்க வேண்டும். இவை பின்னால் போகப் போக விலகுகின்றன. கட்டுமரம் ஆங்கிலத்தில் கேட்டமரான் ஆனதும், சுருட்டு செரூட் ஆனதும் சான்றோடு நிற்கும் உண்மைகள். அவற்றின் பக்கத்தில் எட்டையும் எய்டையும் வைத்தால், உண்மையானவற்றின் மதிப்பும் குறைந்துபோகும்.

இதையெல்லாம் ஒவ்வொருவரும் ஜெர்மன் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. நல்ல அகராதி நமக்காக வேலையை முடித்து வைத்திருக்கிறது. ஒரே சொல்லின் விரிந்த பொருள்களாக இருந்தால் ஒரே தலைச்சொல்லின் கீழே வரிசையாக வரும். வேறு வேறு சொற்கள் என்றால் தலைச்சொல்லையே தனித்தனியாகப் பிரித்து, பக்கத்தில் பொடியாக 1, 2 என்று எண் போட்டிருப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியிலும் இந்த முறை உண்டு.

அன்று இரவு அவள் ஆங்கில அகராதியை எடுத்துவந்து லோஃப் இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். இரண்டு தலைச்சொற்கள், பக்கத்தில் எண்கள். நோட்டில் 'லோஃப் 1' என்று எழுதி, அதன் கீழே லார்ட், லேடி, ஜெர்மனின் லைப், ரஷ்யாவின் ஹ்லெப் என்று வரிசையாக எழுதிக்கொண்டாள். அடுத்து 'லோஃப் 2'. கீழே லோஃபர், 1830, அமெரிக்கா. கடைசியில் லாண்ட்லாய்ஃபர் என்று எழுதி, கொஞ்சம் யோசித்து, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள்.